ஒரு மானுக்கு எத்தனை ஜூல்?

முதல்ல ஒரு கேள்வி. பைக் வாங்கப் போறீங்க. ஷோரூமில் கால் வைத்ததும் என்ன கேட்பீங்க? 'எத்தனை சி.சி. பாஸ்?' போன் வாங்கும்போது? 'எத்தனை மெகாபிக்ஸல்?' நம்பர் பெருசா இருந்தா பொருளும் நல்ல பொருள். இதுதானே நம்ம எல்லாருடைய கணக்கும்?

எனக்கும் அதே கணக்குதான், 2024 நவம்பர் வரைக்கும். அந்தக் கணக்கு தப்புன்னு எனக்குப் புரியவெச்சது ஒரு புரொஃபஸர் இல்லை. பதிமூன்று வயசுப் பையன் ஒருத்தன், அவனோட தாத்தா, அப்புறம் நான் கண்ணால் பார்க்காத ஒரு மான்.

அப்போ நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. எக்ஸ்சேஞ்சில் ஒரு செமஸ்டர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் படிக்கும் சான்ஸ் கிடைத்தது. அங்கே என் லேப் பார்ட்னர் ஒரு மாட்டுப் பண்ணை வீட்டுப் பொண்ணு. அக்டோபரில் ஒரு நாள் திடீர்னு, "நீ மெக்கானிக்கல்தானே? என் தம்பிக்கு மான் வேட்டைக்கு ரைஃபிள் வாங்கணும். எந்த காலிபர் வாங்கறதுன்னு வீட்ல மூணாம் உலகப் போர் நடக்குது. வந்து தீர்த்து வை" என்றாள். நான் 'ஙே' என விழித்தேன். நான் பார்த்த மான் எல்லாம் கிண்டி பூங்காவில், கம்பிக்கு அந்தப் பக்கம் அசை போட்ட புள்ளிமான்தான். துப்பாக்கி? திருவிழாவில் பலூன் சுட்டதோடு சரி. அதுவும் பலூனில் படலை!

மேலே போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன். இது துப்பாக்கிக்கு விளம்பரம் இல்லை. நம்ம நாட்டில் மானைச் சுட்டால், 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கம்பி எண்ணணும். எண்ணணும், அதில் எனக்கு ரெண்டாவது கருத்தே இல்லை. ஆனா, விஸ்கான்சின் கதை வேற. அங்கே இருந்த ஓநாய்களை மனுஷங்க வேட்டையாடியே 1960 வாக்கில் இல்லாமல் பண்ணிட்டாங்க. அப்புறம் கொஞ்சம் திரும்பி வந்திருக்கு, அது வேற விஷயம். வெள்ளைவால் மான்கள் பெருகி, சோளக் காட்டில் மேயுது, ராத்திரி நெடுஞ்சாலையில் கார் முன்னால வந்து நிக்குது. அதனால அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்து, நவம்பர்ல 'தேங்ஸ்கிவிங்' பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி சீஸன் நடத்துது. இன்னொண்ணும் இருக்கு. 1937-ல் வந்த ஒரு சட்டப்படி, அமெரிக்காவில் விற்கிற ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவிகித வரி. அந்தப் பணம் மாநிலங்களுக்குப் போய் காட்டு விலங்குகளைக் காப்பாத்தச் செலவாகுது. 'சுடறவன் காசிலதான் காடு வாழுதா?'ன்னு எனக்குத் தலை சுத்துச்சு. இன்னும் முழுசா நிக்கலை!

சரி, காலிபர்னா என்ன? சிம்பிள். குழலோட உள்விட்டம், அதாவது ஏறக்குறைய குண்டோட தடிமன். அங்கே இன்னமும் அங்குலக் கணக்குதான். '.30' என்றால் 0.30 அங்குலம். இவ்வளவுதானேன்னு நினைச்சேன். பேர் வைக்கிற அழகைப் பார்த்ததும் தலையில் கை வெச்சுட்டேன். '.30-30'ல் ரெண்டாவது 30 என்பது 1895-ல் அது வந்தப்போ உள்ளே போட்ட வெடிமருந்தோட எடை, 'கிரெய்ன்' என்ற பழைய அளவில். '.30-06'ல் 06 என்பது எடை இல்லை, அமெரிக்க ராணுவம் அதை எடுத்துக்கிட்ட வருஷம், 1906! '.270'ன் குண்டை வெர்னியர் வெச்சு அளந்தா .277 வரும். '.308'ஐயும் '.30-06'ஐயும் அளந்தா ரெண்டுலயும் ஒரே தடிமன் குண்டு. நம்ம லேப் ரெக்கார்டில் இப்படி எழுதினா, சார் முகத்திலேயே விட்டெறிவார்.

வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் நாலு கட்சிக் கூட்டணிப் பேச்சுவார்த்தை. சித்தப்பா, "மேக்னம்தான். .300 வின்செஸ்டர் மேக்னம். எங்கிட்ட இருக்கறதே போதும், புதுசு எதுக்கு?" என்றார். அவர் கொலராடோ பக்கம் போய் 'எல்க்' என்ற ராட்சத மானைச் சுடறவர். அப்பா, "நம்ம குடும்பத்துக்கே .30-06தான் ராசி" என்றார். ஊர்க் கடைக்காரர், 2007-ல் வந்த 6.5 கிரீட்மோரை வாங்கிடுங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தார். தாத்தா மட்டும் எதுவும் பேசாமல் காபி குடிச்சுக்கிட்டிருந்தார். பையன்? மூலையில் நாயோட காதைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கிட்ட யாரும் கேட்கவே இல்லை. வெட்கத்தோடு சொல்றேன், நானும் கேட்கலை.

நான் என்ன செஞ்சிருப்பேன்னு உங்களுக்கே தெரியுமே... லேப்டாப்பைத் திறந்து எக்ஸெல் ஷீட் போட்டேன்!

அரை எம் வி ஸ்கொயர். பிளஸ் ஒன்ல படிச்ச இயக்க ஆற்றல். கம்பெனிகள் தர்ற குண்டு எடையும் வேகமும் கையில் இருந்துச்சு. .243 வின்செஸ்டர்: 6.5 கிராம் குண்டு, நொடிக்கு 900 மீட்டர், சுமார் 2,600 ஜூல். .308 வின்செஸ்டர்: 9.7 கிராம், 860 மீட்டர், சுமார் 3,600 ஜூல். .30-06: 11.7 கிராம், 820 மீட்டர், சுமார் 3,900. கடைசியா .300 மேக்னம்: அதே 11.7 கிராம், ஆனா 900 மீட்டர், சுமார் 4,700 ஜூல். எல்லாத்தையும் கலர் கலரா வரிசைப்படுத்தி, மேக்னத்துக்குப் பச்சை அடிச்சு, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். சித்தப்பா கை தட்டினார். எனக்கு அப்போ சந்திரயானையே இறக்கிவிட்ட ஃபீலிங்!

பையன் வலது புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கிட்டான். அங்கே பிறை மாதிரி ஒரு தழும்பு. நான் அதைப் பார்த்தேன். அர்த்தம்தான் புரியலை.

தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஷீட்டை மேலிருந்து கீழே பொறுமையாகப் படிச்சார். "நல்லா போட்டிருக்கேம்மா. எல்லாம் இருக்கு. என் பேரன் எந்தக் கட்டத்துல இருக்கான்?"

பல்பு! ஆயிரம் வாட்ஸ் பல்பு!

அன்னிக்குச் சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் பையன் வைக்கோல் தள்ளிக்கிட்டிருந்தான். நானும் ஒரு முள்கரண்டியை எடுத்துக்கிட்டு உதவப் போனேன். அப்போதான் சொன்னான். "நீ டிசம்பர்ல ஊருக்குப் போயிடுவே, அதான் உன்கிட்ட சொல்றேன்."

2023 சீஸனில் அவனுக்கு முதல் வேட்டை. சித்தப்பாவோட மேக்னத்தைக் கொடுத்திருக்காங்க. ப்ராக்டீஸில் ரெண்டு முறை சுட்டதுக்கே தோள் நீலம் பாரிச்சிடுச்சு. மூணாவது முறை ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தைக் கிழிச்சிடுச்சு. வீட்டில் எல்லாரும் 'நீயும் வேட்டைக்காரன் ஆயிட்டடா'ன்னு சிரிச்சிருக்காங்க, அவனும் சிரிச்சிருக்கான். சீஸனில் ஒரு பெண் மான் வந்துச்சு. டிரிகரை அழுத்தற நொடியில் கண்ணை மூடிக்கிட்டான். குண்டு நெஞ்சில் படலை, வயித்தில் பட்டுடுச்சு. மான் ஓடிடுச்சு. ராத்திரி பத்து மணி வரைக்கும் டார்ச் அடிச்சு ரத்தத் துளியைப் பின்தொடர்ந்திருக்காங்க. கிடைக்கலை. விடிஞ்சு போனா, பனி பெய்ஞ்சு தடத்தையெல்லாம் மூடிடுச்சு.

"ஏப்ரல்ல வேலி பார்க்கப் போனப்போ ஓடை ஓரத்துல எலும்பு கிடந்துச்சு. அதுதானான்னு தெரியாது. யார்கிட்டயும் சொல்லலை."

நான் என்ன சொல்றது? 'விடுப்பா, மான்தானே'ன்னு சொல்ல வாய் வரலை. வயித்தில் அடிபட்ட மான் உடனே சாகாது, மணிக்கணக்கில் துடிக்கும். அது அவனுக்கும் தெரியும். இவ்வளவையும் மனசுல வெச்சுக்கிட்டு இருக்கிறவன் முன்னாலதான் நான் மேக்னத்துக்குப் பச்சைக் கலர் அடிச்சேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பண்ணைக்குப் பின்னால் மண்மேடு. அதுக்கு முன்னால பேப்பர் டார்கெட். எல்லார் காதிலும் பெரிய 'இயர் மஃப்', கண்ணில் கண்ணாடி. தாத்தா அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்து மூணு ரைஃபிள் கடன் வாங்கி வந்திருந்தார். முதல்ல .30-06. பையன் அஞ்சு முறை சுட்டான். அஞ்சு ஓட்டையும் வாளி மூடி அளவுக்குச் சிதறியிருந்துச்சு.

அப்போ தாத்தா ஒரு வித்தை செஞ்சார். நமக்குத் தெரியாமல், நிஜத் தோட்டாக்களுக்கு நடுவில் மருந்து இல்லாத வெத்துத் தோட்டா ஒண்ணைக் கலந்துட்டார். பையன் குறி பார்த்து அழுத்தினான். 'டிக்'. வெடிக்கலை. ஆனா, துப்பாக்கி முனை மட்டும் தானாகவே சர்ருன்னு கீழே இறங்குச்சு. தோள் சுருங்குச்சு. கண் மூடுச்சு. வெடிக்காத துப்பாக்கிக்கே உடம்பு பயந்துடுச்சு! "இதுதான் போன வருஷம் நடந்தது" என்றார் தாத்தா. திட்டலை. வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி சொன்னார்.

எனக்கும் ஒரு முறை கொடுத்தார். 'நான் பயப்பட மாட்டேன்'னு வீராப்பா நின்னேன். 'டிக்'. என் துப்பாக்கி முனை பையனோடதைவிட அதிகமா இறங்குச்சு. மொத்தக் குடும்பமும் சிரிச்சுது, பையனும்தான். அவன் சிரிச்சு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்னிக்கு ராத்திரி எக்ஸெல் ஷீட்டை மூடிட்டு, நோட்டில் பேனாவால் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க, சாதாரண ஒத்த முக்கோணம்தான். துப்பாக்கி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். தோளில் பதிஞ்ச முனை அசையலை, குழல் முனை மட்டும் 1 மில்லி மீட்டர் கீழே இறங்குதுன்னு வைங்க. 100 மீட்டர் தள்ளி குண்டு எவ்வளவு விலகும்? 10 சென்டி மீட்டர்! மானோட இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு, குறுக்கே 20 சென்டி மீட்டர் சொச்சம். நடுவில் குறி வெச்சா, நமக்கு இருக்கிற இடம் எல்லாப் பக்கமும் 10 சென்டி மீட்டர்தான். அதாவது ஒரு மில்லி மீட்டர். அவ்வளவுதான் அந்த மானுக்கும் நரகத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்.

அடுத்த கணக்கு, பிளஸ் ஒன்ல அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணின 'துப்பாக்கியின் பின்னியக்கம்'. உந்த அழிவின்மை விதி. குண்டும் வெடிமருந்துப் புகையும் முன்னால போற உந்தம் முழுக்கத் தோளுக்குத் திரும்பி வரும். 3.4 கிலோ ரைஃபிள்னு வெச்சுப் போட்டேன். .243 தோளை உதைக்கிறது சுமார் 13 ஜூல். .308 சுமார் 23. மேக்னம் 40-ஐத் தாண்டிடுச்சு. .243-ஐப்போல மூணு மடங்குக்கும் மேல! 45 கிலோ எடையுள்ள ஒரு பையனோட தோளில்.

சரி, அந்த உதையை வாங்கிக்கிட்டு என்ன லாபம்? மானுக்கு, குண்டு போய்ச் சேரும்போது சுமார் 1,350 ஜூல் இருந்தா போதும்னு வேட்டைக்காரர்கள் நடுவில் ஒரு பழைய கைக்கணக்கு இருக்கு. .243-ன் குண்டு 100 மீட்டர் தாண்டியும் 2,000 ஜூலுக்கு மேல வெச்சிருக்கும். அந்தப் பண்ணைக் காட்டில் மரங்களுக்கு நடுவே 100 மீட்டருக்கு மேல பார்வையே போகாது. அப்போ மேக்னம் கூடுதலாகக் கொண்டுபோற ஜூல் அங்கே தேவையே இல்லாதது. செலவு மட்டும் பையனோட தோளுக்கு.

மெஷின் டிசைன் வகுப்பில் நமக்குச் சொல்லித் தர்றது என்ன? 'எந்த பாகம் முதல்ல உடையும்னு பாரு, அதுக்கு டிசைன் பண்ணு.' நான் குண்டைப் பார்த்தேன், வேகத்தைப் பார்த்தேன். முதல்ல உடையற பாகம் பையனோட கண் இமைன்னு பார்க்கவே இல்லை. தாத்தா எந்த காலேஜிலும் படிச்சதில்லை. முதல் கேள்வியிலேயே அதைப் பிடிச்சுட்டார்.

.243-ஐ நான் கொண்டுவந்தேன்னு நினைக்காதீங்க. தாத்தா கடன் வாங்கின மூணில் ஒண்ணு அதுதான். .308-ன் பித்தளைக் கூட்டையே எடுத்து, கழுத்தைச் சுருக்கி, சின்ன குண்டு வெச்சு 1955-ல் விற்பனைக்கு வந்தது. வேட்டைக் குண்டு உடம்பில் பட்டதும் காளான் மாதிரி விரியும், அதனால துளை சின்னதா இருக்குமேன்னு கவலைப்பட வேண்டாம். அந்த ரைஃபிளில் பையன் சுட்ட அஞ்சு ஓட்டையையும் ஒரு காபி சாஸரால் மூடிட முடிஞ்சுது. வெத்துத் தோட்டா வந்தப்போ முனை அசையவே இல்லை. அவனே நம்பாமல் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான்.

'அப்போ .243தான் உலகத்திலேயே பெஸ்ட்'னு நான் சொல்ல வரலை. அதுக்கும் ஒரு விலை இருக்கு. குண்டு லேசு. மான் கோணலா நின்னு, தோள் எலும்பில் பட்டா உள்ளே போய்ச் சேருமாங்கறது சந்தேகம். பெரிய குண்டு மன்னிக்கிற தப்பை இது மன்னிக்காது. அதனால தாத்தா ரெண்டு கண்டிஷன் போட்டார். ஒண்ணு, மான் பக்கவாட்டில் நிக்கணும். ரெண்டு, ஓடையைத் தாண்டி நின்னா சுடக் கூடாது. "இந்த ரெண்டும் இல்லைன்னா, அன்னிக்கு நீ மான் பார்க்கப் போன பையன், அவ்வளவுதான்."

நவம்பர் 23, சனிக்கிழமை, சீஸனோட முதல் நாள். விடியறதுக்கு முன்னாலயே மரப் பரணில் ஏறிட்டோம். தாத்தா, பையன், துப்பாக்கி இல்லாத நான். மூணு பேரும் கண்ணைக் கூசுற ஆரஞ்சு ஜாக்கெட்டில் டிராஃபிக் கோன் மாதிரி இருந்தோம். ஒருத்தரை ஒருத்தர் சுட்டுடாமல் இருக்க அங்கே இப்படிக் கண்ணைக் கூசுற நிறம் கட்டாயம். குளிரில் பல் டைப் அடிச்சுது. 'சென்னைல பொறந்தது எவ்வளவு புண்ணியம்'னு முதல் முறையா தோணுச்சு.

ஏழரை மணி இருக்கும். கிளை நடுவில் ஒரு அசைவு. பெண் மான். ஓடைக்கு இந்தப் பக்கம்தான். பையன் மெதுவா துப்பாக்கியைத் தூக்கினான். மான் எங்களைப் பார்த்தபடி நின்னுச்சு, நேருக்கு நேர். எனக்கு என் இதயம் அடிக்கிறது காதில் கேட்டுது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். 'திரும்பு'ன்னு ஒரு மனசு சொல்லுது, 'திரும்பாதே'ன்னு இன்னொரு மனசு. எது என் மனசுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியலை. மான் மூக்கை உயர்த்தி மோப்பம் பிடிச்சு, அப்படியே பின்வாங்கி மரங்களுக்குள்ள போயிடுச்சு. பையன் விரலை டிரிகரில் வைக்கவே இல்லை. சேஃப்டியைப் போட்டுட்டு, மூச்சை வெளியே விட்டான். தாத்தா பாக்கெட்டிலிருந்து ஒரு பாதி சாண்ட்விச்சை எடுத்து அவன் கையில் கொடுத்தார். பாராட்டுப் பத்திரம் அவ்வளவுதான்.

திங்கள்கிழமை லேப் இருந்ததால் நான் கேம்பஸுக்குத் திரும்பிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன்கிட்டேயிருந்து மெஸேஜ். போட்டோ இல்லை. கொம்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிற போஸ் இல்லை. ஒரே வரிதான்: '38 எட்டு. தாத்தா எண்ணினார்.'

சுட்ட இடத்துக்கும் மான் விழுந்த இடத்துக்கும் நடுவில் முப்பத்தெட்டு எட்டு. ஒரு உயிர் போன செய்திக்கு 'கங்கிராட்ஸ்'னு டைப் பண்ண எனக்குக் கை வரலை. ரொம்ப நேரம் யோசிச்சு, 'தேட வேண்டி வந்துச்சா?'ன்னு மட்டும் கேட்டேன்.

'இல்லை.'

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் ஒரு வருஷம் காத்துக்கிட்டிருந்தான்னு எனக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரை எழுதறதுக்கு முன்னால அவனுக்கு மெஸேஜ் போட்டு அனுமதி கேட்டேன். ஏப்ரல் மாசத்து எலும்பு பத்தியும் எழுதட்டுமான்னு கேட்டேன். 'பேர் போடாம எழுது. தாத்தாகிட்ட நானே சொல்லிட்டேன்'னு பதில் வந்துச்சு.

அம்மாகிட்ட இந்தக் கதையைச் சொன்னப்போ, "மான் சுடறதுக்கா உன்னை லோன் போட்டு அமெரிக்கா அனுப்பினோம்?"னு ஒரே போடு போட்டாங்க. இல்லம்மா. அங்கே நான் கத்துக்கிட்டது சுடறதை இல்லை. ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னால, அதைத் தூக்கப் போறவனோட முகத்தையும், அது எதிரே நிக்கப் போற உயிரையும் பார்க்கணும்கறதை.

இப்போ எங்க காலேஜ் புராஜெக்ட் டீமில் யாராவது எக்ஸெல் ஷீட்டைத் திருப்பிக் காட்டினா, நான் அந்தத் தாத்தா மாதிரியே கண்ணாடியைச் சரிபண்ணிக்கிட்டுக் கேட்கறேன்: "எல்லாம் சரி மச்சி... இதை யூஸ் பண்ணப் போறவன் எந்தக் கட்டத்துல இருக்கான்?"

நீங்களும் அடுத்த முறை 'எத்தனை சி.சி.?'ன்னு கேட்கிறதுக்கு முன்னால ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன். பல்பு வாங்கினா, கம்பெனிக்கு நான் இருக்கேன்!